இடக்கையால் வெட்டிய வரப்பு

ஆம்புலன்ஸ் போன பிறகு ஜெரால்டின் செருப்பு ஒன்று மட்டும் சேற்றில் கிடந்தது. அதை எடுத்து வாய்க்காலில் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரோ என் பெயரைச் சொல்லி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். கை மட்டும் ஒழுங்காகக் கழுவியது. வாருக்கு அடியில் இருந்த சேற்றை நகத்தால் சுரண்டி எடுத்தேன். பிறகு போலீஸ் ஜீப் வந்தது. அப்பாவையும் தமிழ்மாறன் சித்தப்பாவையும் ஏறச் சொன்னார்கள். அப்பாதான் சித்தப்பாவுக்குக் கை கொடுத்து ஏற்றினார்.

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ப்ளஸ் டூ படிக்கிற பெண், கையில் ஒரு செருப்பு. என்ன கேட்பார்கள்.

மரியபுஷ்பம் அத்தை, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். இன்று சாயங்காலம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கயலு, எம்புள்ளைக்காக ஜெபம் பண்ணும்மா, நாளைக் காலம்பர வரைக்கும் ஒன்னும் சொல்ல முடியாதுங்கிறாங்க" என்றீர்கள். பண்ணுகிறேன் என்று சொன்னேன். உங்கள் கை சில்லென்று இருந்தது. என் கை சூடாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் நாற்றங்காலைக் கருக்கியது தான்தான் என்று அப்பா போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார். கண்ணுசாமி என்று கையெழுத்தும் போட்டுவிட்டார். அது பொய். ஜெரால்ட் பிழைத்தால் அடிதடி கேஸ், இல்லையென்றால் கொலைக் கேஸ் என்று வக்கீல் அம்மாவிடம் சொன்னார். இரண்டிலுமே அப்பா பெயர்தான் முதலில் வருமாம், ஆரம்பித்தது நான் என்று அவரே சொல்லியிருப்பதால். உண்மையில் ஆரம்பித்தது யார் என்று சரியாகச் சொல்ல வேண்டுமானால் ஒரு விளையாட்டிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

போன வருஷ லீவு முழுக்க உங்கள் வீட்டு முன்னறையில் ஜெரால்டின் லேப்டாப்பில் நாங்கள் விளையாடினோமே, அதுதான். நீங்கள் சுண்டல் கிண்ணத்தை வைத்துவிட்டு, "கம்ப்யூட்டர் படிக்குதுவோ" என்று பெரியநாயகசாமி மாமாவிடம் பெருமையாகச் சொல்வீர்கள். நாங்கள் படிக்கவில்லை அத்தை. விண்வெளியில் நாடு பிடித்துக்கொண்டிருந்தோம். மொத்தம் ஆறு நாடு. ஒன்று நம்முடையது, மற்ற ஐந்தையும் கம்ப்யூட்டரே ஆடும். எல்லாருக்கும் ஆளுக்கொரு சூரியன், இரண்டு மூன்று கிரகம். ஆள் குடியேற்ற வேண்டும், சுரங்கம் தோண்ட வேண்டும், கப்பல் கட்ட வேண்டும். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது திரையில் ஒரு முகம் வந்து இன்றிலிருந்து உன்னோடு போர் என்று சொல்லும்.

ஜெரால்ட் மேஜையில் ஓங்கித் தட்டுவான். "நான் என்னடா பண்ணேன் ஒனக்கு?" என்று திரையைப் பார்த்துக் கேட்பான். மூன்று கண் உள்ள ஊதா முகம் ஒன்று அடிக்கடி வரும். அதற்கு எங்கள் சித்தப்பா பெயரை வைத்திருந்தான்.

"அதுக்குக் கோவம் வந்துருச்சு கயலு. மூஞ்சியப் பாரேன். தமிழ்மாறன் மாமா டீக்கடையில பேப்பர் புடுங்குற மாதிரியே இருக்கு."

"கோவமெல்லாம் இல்ல. அதோட எல்லையில பதினஞ்சு சுத்தா நீ கப்பல நிறுத்தி வச்சிருக்க. ஒரு சுத்துக்கு ரெண்டு மார்க் கொறையும். முப்பது கொறஞ்சா போர்."

"மார்க் கொறைக்க அது என்ன ஒங்க பிசிக்ஸ் மிஸ்ஸா?"

அவன் சிரித்தான். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். கம்ப்யூட்டர் எதற்குப் போர் அறிவிக்கிறது என்று இரண்டு மாதம் எழுதினேன். எல்லையில் கப்பல் நின்றால் மார்க் குறையும். அது கண் வைத்திருக்கிற காலிக் கிரகத்தில் நாம் போய் உட்கார்ந்தால் குறையும். கொடுத்த வாக்கை மீறினால் இரண்டு மடங்கு குறையும். சும்மா விட்டால் பழைய மனத்தாங்கல் சுற்றுக்கு ஒரு மார்க் வீதம் மறந்துபோகும். மறப்பதற்குள் இன்னொன்று நடந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். ஆனால் மார்க் மட்டும் போதாது. எதிராளி தன்னைவிட இளைத்தவன் என்று தெரிய வேண்டும். தன் மற்ற எல்லையெல்லாம் அமைதியாக இருக்க வேண்டும். வேறு பக்கம் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருந்தால் அது நம் பக்கமே திரும்பாது.

இதைக் கண்டுபிடித்தது நான். இதை வைத்து ஜெயிக்கிற வழியைக் கண்டுபிடித்ததும் நான்தான். ஒற்றனை அனுப்பி ஒரு நாட்டுச் சுரங்கத்தை உடைத்துவிட்டு, அங்கே இன்னொரு நாட்டுக் கொடியைப் போட்டுவிட்டு வரலாம். இரண்டும் அடித்துக்கொள்ளும். நாம் நடுவில் விவசாயம் பார்க்கலாம். ஜெரால்டுக்கு அது பிடிக்கவில்லை. "என்னடி இது, போங்கு ஆட்டம்" என்றான். அவன் ஆடிய பத்து ஆட்டத்தில் ஒன்பது தோற்றான். நான் ஆடிய பத்தும் ஜெயித்தேன்.

ஒருநாள் அவன் தோற்ற ஆத்திரத்தில் ஒன்று சொன்னான். உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

"கம்ப்யூட்டரு மொதல்ல யார அடிக்கும் தெரியுமாம்மா? திருப்பி அடிக்காதவன. கண்ணுசாமி மாமாவ ஒரு கெரகத்துல வுட்டோம்னு வையி, பத்தாவது சுத்துல அவருக்கு வரப்பு மட்டும்தான் மிஞ்சும்."

மாமா சத்தமாகச் சிரித்தார். நீங்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அவன் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லையே அத்தை. எங்கள் வயலுக்கும் சித்தப்பா வயலுக்கும் நடுவில் இருக்கிற வரப்பை ஊரே பார்க்கிறது. நடவுக்கு முன்னால் அண்டை வெட்டும்போது வரப்பின் ஓரத்தைச் செதுக்கி, புல்லையும் நண்டு வளையையும் எடுத்துவிட்டுச் சேறு பூசுவார்கள். அவரவர் பக்கத்தை அவரவர் செதுக்கலாம். சித்தப்பா செதுக்குகிற சாக்கில் வரப்பையே தின்பார். குறுவைக்கு இரண்டு விரற்கடை, சம்பாவுக்கு இரண்டு. வரப்பு மெலிந்து உடைந்துவிடும் என்று அப்பா எங்கள் பக்கம் மண் அணைத்துப் பலப்படுத்துவார். எங்கள் வயலிலிருந்து மண் எடுத்துத்தான். அப்படி வரப்பு வருஷா வருஷம் எங்கள் பக்கமே நகர்ந்து வந்தது, மெலிந்தும் வந்தது. நான் ஐந்தாவது படிக்கும்போது அப்பா என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து அந்த வரப்பில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். இப்போது அதில் ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொரு பாதம் வைத்துத்தான் நடக்க முடியும்.

"மண்ணு எங்கம்மா போவப் போவுது? என் தம்பி வயல்லதான கெடக்கு" என்பார் அப்பா.

"நாளைக்கு ஒங்க தம்பி வீட்டுச் செவுத்தையும் செதுக்குவாரு. அப்பவும் இதையே சொல்லுங்க" என்பாள் அம்மா.

சர்வேயரைக் கூட்டிவந்து கல்லைப் பார்க்கலாம் என்று நான் ஒருதரம் சொன்னேன். "கூடப் பொறந்தவன் எல்லையில சங்கிலி போடச் சொல்றியா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். சித்தப்பாவிடம் காட்ட வேண்டிய கோபத்தை என்னிடம் காட்டினார். அந்த வருஷம் முழுக்க அவர் காட்டிய கோபம் அது ஒன்றுதான். எங்கள் தாத்தா அடுத்தவர் வயலில் வேலை செய்து, வயிற்றைக் கட்டி வாங்கிய நிலம் அது. அப்பா சாப்பிடாமல் எழுந்து போய், நிலாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படிப்பட்ட ஆளை என்ன செய்வது.

எனக்கும் கோபம் இல்லை அத்தை. அதை மட்டும் நீங்கள் நம்ப வேண்டும். கோபப்பட்டிருந்தால் சித்தப்பாவை நடுத்தெருவில் கேள்வி கேட்டிருப்பேன். நான் நோட்டில் மூன்று கட்டம் வரைந்தேன். முதல் கட்டம் எங்கள் வயல். நடுக்கட்டம் சித்தப்பா வயல். அடுத்தது உங்கள் வயல். நடுவில் இருப்பவருக்கு இரண்டு எல்லை. உங்கள் பக்கத்து எல்லை அமைதியாக இருந்தது. அதனால்தான் எங்கள் பக்கம் திரும்ப முடிந்தது. உங்கள் எல்லை சூடானால் எங்கள் எல்லை ஆறிவிடும். இதில் கோபம் எங்கே இருக்கிறது.

சித்தப்பாவுக்கு இடக்கைப் பழக்கம். அவர் மண்வெட்டி வரப்பில் விழுகிற சாய்வே வேறு. எல்லாருடைய வெட்டும் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் அவருடையது எதிர்ப்பக்கம் சாயும். நம் ஊரில் வரப்பைப் பார்த்தே யார் வெட்டியது என்று சொல்லிவிடுவார்கள், கையெழுத்தைப் பார்த்துச் சொல்வது போல. எனவே நான் கையெழுத்து பழகினேன். மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறேன் என்று காலை ஐந்து மணிக்கே போய், எங்கள் வயல் கோடியில் ஒரு வாரம் இடக்கையால் வெட்டிப் பழகினேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. நான்காவது நாள் அப்பா பின்னால் வந்து நின்றார்.

"ஏம்மா எடக்கையில வெட்டுற?"

"வலக்கை வலிக்குதுப்பா."

"வலிச்சா வுட்டுடு. ஒனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று மண்வெட்டியை வாங்கிக்கொண்டார். நான் வெட்டிய இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து, நீங்கள் நாற்றங்கால் விட்டு எட்டு நாள் ஆகியிருந்தது. உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் உள்ள வரப்பில், உங்கள் பக்கம் மூன்று விரற்கடை, இருபது அடி நீளத்துக்கு இடக்கையால் செதுக்கினேன். மேலே சேறும் பூசினேன். அன்றைக்கு ஏழு மணிக்கு மாமா வந்து பார்த்தார். நான் எங்கள் மோட்டார் கொட்டகை நிழலில் புல் கட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

"என்ன தமிழு, வரப்பு மெலிஞ்சு போச்சு?"

"மெலிஞ்சா சோறு போடுங்கண்ண."

"கிண்டலா? எடக்கை வெட்டு இந்த ஊர்ல ஒன்னுதான் இருக்கு."

"சத்தியமா நான் இன்னும் ஒங்க பக்கம் மண்வெட்டியே கொண்டாரல."

"அப்ப மாதாவா எறங்கி வந்து வெட்டிட்டுப் போனாங்க?"

சித்தப்பா உண்மையைத்தான் சொன்னார். அநேகமாக அவர் வாழ்க்கையில் வரப்பைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை அது. யாரும் நம்பவில்லை. அந்தப் பெயர் அவர் சம்பாதித்தது. நான் கொடுத்தது இல்லை.

மறப்பதற்குள் இரண்டாவது. முறைத் தண்ணீர் மத்தியானத்துக்கு மேல் உங்கள் வயலுக்கு வரும் அல்லவா, அன்றைக்குச் சித்தப்பா வீட்டு உரச்சாக்கில் வைக்கோலைத் திணித்து உங்கள் மடையை அடைத்துவிட்டு ஸ்கூலுக்குப் போனேன். சாயங்காலம் வரும்போது மாமாவும் சித்தப்பாவும் ரோட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். மாமா சாக்கை உதறி உதறிக் காட்டினார். நான் குனிந்தபடி அவர்களைத் தாண்டி வந்தேன். நோட்டில் மாமாவுக்குப் பதினேழு, சித்தப்பாவுக்குப் பன்னிரண்டு என்று எழுதினேன். எதிரே வரும்போது வண்டியை நிறுத்திப் பேசாமல் போனால் இரண்டு மார்க் என்று வைத்திருந்தேன். டீக்கடையில் பெயரைச் சொல்லாமல் அந்தாளு என்றால் மூன்று. மனிதர்களுக்கு மார்க் போடுவது கஷ்டமாக இல்லை. கம்ப்யூட்டரைவிடச் சுலபம், முகத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அது வேலை செய்தது. அந்த வாரமே சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று, "அண்ணே, நம்ம நடுவரப்ப நானே பூசிட்டேன். என் வயல்ல ஒரு வெரக்கட தள்ளியே கட்டியிருக்கேன், பாத்துக்குங்க. அந்தப் பெரியநாயகசாமி பஞ்சாயத்து வச்சா நீங்க எம்பக்கம் நிக்கணும்" என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. காப்பி போடச் சொன்னார். எட்டு வருஷம் கழித்து வரப்பு முதன்முறையாக எங்களுக்குச் சாதகமாக நகர்ந்தது. நான் போய் அளந்து பார்த்தேன். ஒன்றேகால் விரற்கடை.

அதோடு விட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். விட்டிருப்பேன். உங்கள் மகன் விடவில்லை.

"கயலு, நாளைக்கு ஒங்க சித்தப்பாகிட்ட நான் போய்ப் பேசப் போறேன்" என்று போன் பண்ணினான். "எங்கப்பா புடிச்ச முயலுக்கு மூனு காலுங்கிறாரு. நீயும் வா."

"நான் எதுக்கு?"

"நீ நின்னீன்னா அவரு கெட்ட வார்த்த பேச மாட்டாரு."

போனேன். ஜெரால்ட் சித்தப்பாவை டீக்கடைக்குக் கூட்டிப் போனான். மாமாவையும் அங்கே வரவைத்திருந்தான். முதலில் இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெட்டியது யாராக இருந்தாலும் அந்த இருபது அடியைத் தானே கட்டித் தருவதாகச் சித்தப்பா சொன்னார். மாமா, "நானும் கொஞ்சம் வார்த்தைய வுட்டுட்டேன்" என்றார். ஜெரால்ட் நாலு டீ சொன்னான். திரும்பி வரும்போது என் தலையில் தட்டினான். "பாத்தியா, மனுசன் ஒன்னும் கம்ப்யூட்டர் இல்ல. ஒன் நோட்டத் தூக்கி அடுப்புல போடு."

பத்து நிமிஷத்தில் எல்லா மார்க்கும் அழிந்தது. நடவுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. உங்கள் எல்லை அமைதியாகிவிட்டதால் சித்தப்பாவின் மண்வெட்டி மறுபடி எங்கள் பக்கம்தான் வரும். கொடுத்த ஒரு விரற்கடையை நாலாகத் திருப்பி எடுப்பார், அப்பா காப்பி போடச் சொல்வார். வாக்கை மீறினால் இரண்டு மடங்கு என்று முன்பே சொன்னேன். பேசி முடித்த மறுநாளே நடந்தால்தான் அது துரோகமாகத் தெரியும். ஆகையால் மறுநாளே நடக்க வேண்டியிருந்தது.

வரப்புப் புல்லுக்காக அப்பா வாங்கி வைத்திருந்த களைக்கொல்லி பரணில் இருந்தது. சித்தப்பாவின் ஸ்பிரேயர் அவர் மோட்டார் கொட்டகையில் இருந்தது, அதற்குப் பூட்டு கிடையாது. ஒரு டேங்குக்கு இரண்டு மூடி மருந்து. உங்கள் நாற்று பதினாறு நாள் வயது, நல்ல கிளிப்பச்சை. வடகிழக்கு மூலையில் ஒரு கட்டில் அளவுக்குக் கருகினால் போதும், அதற்கே நாற்பது மார்க் குறைந்துவிடும் என்பது என் கணக்கு. நடவுக்கு நாற்று குறையாது. உங்களுக்குப் பெரிய நஷ்டமும் இருக்காது. அதையும் யோசித்துத்தான் வைத்திருந்தேன். அடித்தேன். ஸ்பிரேயரை ஈரத்தோடு இருந்த இடத்தில் வைத்துவிட்டு, புல் கட்டோடு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் பூசைக்குப் போயிருந்தீர்கள். ஜெரால்ட் மட்டும் வயலைப் பார்க்க வந்தான். நாற்றங்கால் வைக்கோல் நிறத்தில் கிடந்தது. அவன் அதற்குள் இறங்கி, ஒரு பிடி பிடுங்கி மோந்து பார்த்தான். பிறகு நேராகச் சித்தப்பாவின் மோட்டார் கொட்டகைக்குப் போனான். ஸ்பிரேயரை மோந்து பார்த்தான். வெளியே வரும்போது கையில் சவுக்குக் கழி இருந்தது.

சித்தப்பா அப்போது வாக்குக் கொடுத்த அந்த இருபது அடி வரப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. முழங்கால் வரைக்கும் சேறு.

"மூனு நாளைக்கு முன்னாடி எங்கப்பனோட டீ குடிச்சியே, அந்த வாயி வேகலையா ஒனக்கு?" என்றான் ஜெரால்ட். உங்கள் பிள்ளை அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"தம்பி, என்னடா ஒளர்ற? கழியக் கீழ போடு மொதல்ல."

நான் எங்கள் வயல் வரப்பில் அரிவாளோடு நின்றிருந்தேன். ஐம்பதடி இருக்கும். போர் என்றால் இருவரும் கத்துவார்கள், ஊர் கூடும், பஞ்சாயத்து நடக்கும், ஒரு பத்து வருஷத்துக்குப் பேச்சு வார்த்தை இருக்காது. அவ்வளவுதான் நான் போட்ட கணக்கு. அப்போது என் பக்கத்தில் யாரோ ஓடினார்கள். அப்பா. செருப்புகூட இல்லை. என்னைக் கடந்து போகும்போது ஒருதரம் என் முகத்தைப் பார்த்தார். பார்த்த மாதிரியே தெரியாமல் ஓடினார்.

இருவருக்கும் நடுவில் போய் நின்று, "அவன் இல்ல. நான்தான் அடிச்சேன்" என்றார்.

ஜெரால்டுக்குப் புரியவில்லை. "நீங்களா? மாமா, நாங்க என்ன பண்ணோம் ஒங்களுக்கு?"

அப்பாவிடம் பதில் எப்படி இருக்கும். ஜெரால்ட் அழுதுகொண்டே கழியை ஓங்கினான். அப்பாவின் தோளில் விழுந்தது, அவ்வளவு பலமாகக்கூட இல்லை. அப்பா கையைத் தூக்கவில்லை.

சித்தப்பா தூக்கினார். "எங்கண்ணன் மேலயாடா கை வக்கிற?" என்று அவர் கத்தியதும் மண்வெட்டியின் பின்புறம் ஜெரால்டின் காதுக்கு மேல் விழுந்ததும் ஒன்றாக நடந்தது. இடக்கையால்தான்.

எட்டு வருஷம் அப்பாவின் வரப்பைத் தின்ற ஆள் அவர். நான் எழுதிய நோட்டில் எங்கேயும் அதற்கு இடம் இல்லை. அப்பா ஒருவனுக்காக ஓடிப்போய் நடுவில் நிற்பார் என்பதற்கும் இடம் இல்லை. நான் அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா ஓடிய நேரத்துக்கும் கழி விழுந்த நேரத்துக்கும் நடுவில், நான்தான் என்று ஒரு வார்த்தைக்கு நேரம் இருந்தது. நான் சொல்லவில்லை. இனி என்ன நடக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவை ஸ்டேஷனில் பார்க்க அம்மாவோடு போனேன். அம்மா தண்ணீர் வாங்கப் போன நேரத்தில், "கொப்புளம் ஆறிடுச்சாம்மா?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார். அவருக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்தும் வரப்பைப் பற்றிப் பேசாதது மாதிரியே இதைப் பற்றியும் பேசவில்லை. பேசியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன். இதற்கும் சேர்த்து அவர்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. அம்மாவுக்கும் இப்போது தெரியும். "நீ வாயத் தொறக்காத. ஒங்கப்பா ஒனக்காகத்தான் உள்ள ஒக்காந்திருக்காரு" என்கிறாள்.

நான் திறக்கப் போகிறேன். காலையில் உங்களிடம் இதைக் கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போவேன். பயமாக இருக்கிறது, ஆனால் அவர்கள் கேட்கப் போகிற எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. வரப்பை ஏன் செதுக்கினாய் என்றால் பதில் உண்டு. மடையை ஏன் அடைத்தாய் என்றாலும் உண்டு. சித்தப்பாவின் ஸ்பிரேயரை ஏன் எடுத்தாய், ஏன் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தாய், எல்லாவற்றுக்கும் காரணம் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் எழுதவில்லை. மேலே உங்களுக்குச் சொன்னபோதும் அதைத் தாண்டி வந்துவிட்டேன்.

மூலையில் ஒரு கட்டில் அளவு என்று சொன்னேனே, அதற்கு அரை டேங்க்கூட ஆகவில்லை. வேலை முடிந்துவிட்டது. கிழக்கே வெளுக்க ஆரம்பித்தது, நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். மீதி அரை டேங்க்கையும் அடித்தேன். அது தீர்ந்த பிறகு வாய்க்காலுக்கு நடந்து போனேன். எண்பது தப்படி இருக்கும். முதுகிலிருந்து டேங்க்கை இறக்கி, மூடியைத் திருகி, தண்ணீர் நிரப்பினேன். மருந்தை அளந்து ஊற்றினேன், இரண்டு மூடி இல்லை, நாலு மூடி. மறுபடி முதுகில் ஏற்றிக்கொண்டு எண்பது தப்படி திரும்பி வந்தேன். ஒரு பாத்தி விடாமல், ஓரத்தில் தப்பி நின்ற நாற்றுக்குக் குனிந்து குனிந்து, டேங்க் காலியாகும்வரை அடித்தேன். அவ்வளவு நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு நாள் தாடை வலித்தது, சுண்டல்கூட மெல்ல முடியவில்லை.

முதல் டேங்க் சித்தப்பாவின் மண்வெட்டியைத் திருப்புவதற்கு. அது கணக்கு. அந்த இரண்டாவது டேங்க்கை நான் யார் மேல் அடித்தேன், அத்தை?